மூன்றாவது பிரேக் விளக்கு: காருக்கு வந்தது, பைக்குக்கு வரவில்லை

நம் பார்க்கிங்கில் யாராவது காரை ரிவர்ஸ் எடுக்கும்போது அதன் பின்பக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பிரேக் மிதித்தவுடன் இரண்டு ஓரங்களிலும் சிவப்பு எரியும். கூடவே பின்கண்ணாடியை ஒட்டி, நடுவில், மூன்றாவதாக ஒரு சிவப்புப் பட்டையும் எரியும். அப்படியே திரும்பி, தூண் ஓரமாக வரிசையில் நிற்கும் பைக்குகளையும் ஸ்கூட்டர்களையும் பாருங்கள். வண்டிக்கு ஒரே ஒரு விளக்குதான்.

காருக்கு மூன்று, பைக்குக்கு ஒன்று. அது ஏன் என்று போன ஆடி மாதம் வரை நான் யோசித்ததே இல்லை.

அன்று மாலை மனைவியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். வேகத்தடைக்கு முன்னால் கியரைக் குறைத்து, பிரேக்கையும் பிடித்தேன். பின்னால் வந்த லோடு ஆட்டோ வந்து முட்டியது. பெரிய அடி இல்லை. மட்கார்டு நெளிந்தது, மனைவிக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஒரு வாரம் இடுப்பு வலி. இறங்கி வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். "லைட்டே எரியல சார், நீங்க நிக்கிறீங்கன்னே தெரியல" என்றான். நான் விடவில்லை. பின்னால் வந்து இடித்தவன்தானே தப்பு? கூட்டமும் என் பக்கம்தான் பேசியது. அவன் சட்டைப்பையிலிருந்து 700 ரூபாயை எடுத்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மெக்கானிக் டெயில் லேம்ப்பைக் கழற்றி பல்பை என் கையில் கொடுத்தார். "இது இடிச்சதுல போனது இல்ல சார். பாருங்க, உள்ள கறுத்துப் போயிருக்கு. போய் ரொம்ப நாளாச்சு" என்றார்.

நம் ஊர் பைக்குகளில் காலங்காலமாக இருந்துவரும் பின்விளக்கு பல்பில் '12 வோல்ட், 21/5 வாட்' என்று போட்டிருக்கும். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள். 5 வாட் இழை, இரவில் ஹெட்லைட்டோடு சேர்ந்து எரிகிற டெயில் லைட். 21 வாட் இழை, பிரேக் பிடித்தால் மட்டும் எரிவது. என் வண்டியில் சின்ன இழை நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பெரிய இழை அறுந்து எத்தனை மாதம் ஆனதோ தெரியாது. இரவில் பின்னால் சிவப்பு தெரிகிறது, எல்லாம் சரி என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். தன் பிரேக் விளக்கைத் தானே பார்க்க முடியாத இடத்தில்தான் ஒவ்வொரு ஓட்டுநரும் உட்கார்ந்திருக்கிறார். காரில் ஒரு பல்பு போனால் இன்னும் இரண்டு இருக்கும். பைக்கில் அந்த ஒரு மெல்லிய கம்பியோடு எல்லாம் முடிந்தது.

அந்தப் பையனை மறுபடி பார்க்கவில்லை. வண்டி எண்ணையும் குறித்துவைக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இந்த விளக்கின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் எதிர்பார்த்ததைவிட நீளமான கதை அது.

முதலில் கை இருந்தது. நம்மில் மூத்தவர்கள் லைசென்ஸ் வாங்கிய காலத்தில் கை சைகை காட்டச் சொன்னது நினைவிருக்கும். வேகம் குறைக்கப் போகிறேன் என்றால் வலது கையை வெளியே நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மேலும் கீழும் அசைக்க வேண்டும். காரிலிருப்பவருக்கு அது சரி. பைக்கில் வலது கைதான் ஆக்சிலரேட்டர், அதே கைதான் முன் பிரேக். நிறுத்தப் போகிறேன் என்று சொல்ல, நிறுத்தும் கையையே எடுக்க வேண்டும்! இந்த விதியை வகுத்தவர்கள் யாரும் பைக் ஓட்டியிருக்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கைக்குப் பதில் ஒரு கருவி வேண்டும் என்று யோசித்தவர்களில் ஒருவர் சினிமா நடிகை. புளோரன்ஸ் லாரன்ஸ், மௌனப் படக் காலத்து அமெரிக்கத் திரையின் முதல் நட்சத்திரங்களில் ஒருவர், கார் ஓட்டுவதில் பிரியம் உள்ளவர். 1914 வாக்கில், பிரேக் மிதித்தால் காரின் பின்னால் 'நில்' என்று எழுதிய பலகை ஒன்று எழும்படி அவர் அமைத்தார் என்று சொல்வார்கள். அதற்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை, பணமும் வரவில்லை. பலகையின் இடத்தில் பிறகு மின்விளக்கு வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் பிரேக் விளக்கு எல்லாக் கார்களுக்கும் வழக்கமாகிவிட்டது.

இதோடு ஒட்டிய இன்னொரு சண்டை பிரிட்டனில் நடந்தது. சைக்கிள்களுக்குச் சிவப்புப் பின்விளக்கைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அதைக் கடுமையாக எதிர்த்தவர்கள் சைக்கிள் சங்கத்தார்தான். அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை: பின்னால் வருகிறவர்தானே முன்னால் பார்த்து ஓட்ட வேண்டும்? விளக்கை எங்கள் தலையில் கட்டிவிட்டால், இடிபட்ட பிறகு "உன் விளக்கு எரியவில்லையே" என்று எங்களையே குற்றவாளி ஆக்கிவிடுவீர்கள். 1927-இல் வந்த சட்டம், விளக்குக்குப் பதிலாகச் சிவப்பு ரிப்ளெக்டர் இருந்தாலும் போதும் என்று சமாதானம் செய்தது. இரண்டாம் உலகப் போரின் இருட்டடிப்பு வந்தபோது வாதம் எடுபடவில்லை. பின்விளக்கு கட்டாயமாகி, போருக்குப் பிறகும் அப்படியே நின்றுவிட்டது. படித்தபோது எனக்கு லோடு ஆட்டோ பையன்தான் நினைவுக்கு வந்தான். சைக்கிள்காரர்களின் வாதத்தைத்தான் அன்று நடுரோட்டில் நானும் பேசினேன். ஒரு வித்தியாசம், அவர்களுக்குப் பின்விளக்கு இருக்கவில்லை. எனக்கு இருந்தது, நான்தான் அதைப் பார்க்கவில்லை.

இனி மூன்றாவது விளக்குக்கு வருவோம். அமெரிக்க உளவியலாளர் ஜான் வோவோட்ஸ்கி, 1970-களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோ டாக்சிகளில் ஒரு சோதனை நடத்தினார். 300-க்கும் மேற்பட்ட டாக்சிகளின் பின்பக்கம், நடுவில், கூடுதலாக ஒரு விளக்கு பொருத்தினார். அதே நிறுவனத்தின் வேறு சில டாக்சிகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக விளக்கில்லாமல் விட்டார். சுமார் பத்து மாத ஓட்டத்துக்குப் பின் கணக்குப் பார்த்தால், விளக்கு வைத்த டாக்சிகளைப் பின்னால் வந்து இடித்தது மற்றவற்றைவிட 60.6 சதவீதம் குறைவு. 1974-இல் இதை அவர் ஆய்விதழில் வெளியிட்டார்.

ஒரு விளக்குக்கு இவ்வளவு பலனா? அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறைக்கும் அதே சந்தேகம். வாஷிங்டன் டாக்சிகளிலும் ஒரு பெரிய நிறுவனத்தின் கார்களிலும் மறுபடி சோதித்தார்கள். அங்கும் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. எலிசபெத் டோல் போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது, 1983-இல், இதை விதியாக அறிவித்தார்கள். 1986 மாடல் முதல் எல்லாப் புதிய பயணிகள் கார்களிலும் நடுவில் உயரமாக மூன்றாவது பிரேக் விளக்கு வந்தது. வேன், பிக்கப் போன்றவற்றுக்கு 1994 மாடல் முதல். நம் பார்க்கிங்கில் கார்களின் பின்கண்ணாடியில் நீங்கள் பார்க்கிற சிவப்புப் பட்டைக்கு இதுதான் பூர்வீகம்.

கூடுதலாக ஒரு விளக்கு என்பதால் மட்டும் அது வேலை செய்யவில்லை. காரின் ஓரத்து விளக்கு இரவில் டெயில் லைட்டாகவும் எரிகிறது, பிரேக் பிடித்தால் இன்னும் பிரகாசமாக எரிகிறது. 'ஏற்கனவே எரிவது கூடியதா?' என்று பின்னால் வருகிறவர் கணிக்க வேண்டியிருக்கிறது. நடுவிளக்கு அப்படியல்ல. பிரேக் பிடிக்காதபோது அணைந்தே இருக்கும்; எரிந்தால் ஒரே அர்த்தம்தான். அடுத்தது, அது பின்னால் வருகிறவரின் கண்மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவருடைய காரின் கண்ணாடிகளை ஊடுருவி அவருக்கும் பின்னால் வருகிறவருக்குக்கூடத் தெரிகிறது.

கதையின் அடுத்த பகுதியை விற்பனைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். எல்லாக் கார்களிலும் விளக்கு வந்த பிறகு, அதே துறை பல ஆண்டு விபத்துப் பதிவுகளைத் திரட்டி 1998-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1987-இல் 8.5 சதவீதமாக இருந்த பலன், 1989-க்குப் பிறகு 4.3 சதவீதத்தில் வந்து நின்றுவிட்டது. சில டாக்சிகளில் மட்டும் இருந்தபோது எல்லோர் கண்ணிலும் பட்டது. எல்லாக் காரிலும் வந்தபின் பழகிப்போனது. அதற்காக அது வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 4.3 சதவீதமே அமெரிக்காவில் ஆண்டுக்கு 58,000 முதல் 70,000 பேர் வரை காயப்படுவதைத் தவிர்க்கும் என்று அந்த அறிக்கை கணக்கிட்டது. விளக்கின் விலையோ மிகக் குறைவு. ஆனாலும், பாக்கெட்டின் மேல் '60 சதவீதம் பாதுகாப்பு' என்று அச்சடித்திருப்பதைப் பார்த்தால் இந்த 4.3-ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த விதிகள் எதுவும் பைக்கைத் தொடவில்லை. அதற்கும் ஒரு வரலாற்றுக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பைக் விபத்துகளைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற ஆய்வு, ஹாரி ஹர்ட் என்பவர் தலைமையில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்தது. 900 விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்டார்கள். எதிரே வரும் பைக்கைக் கார் ஓட்டுநர் கவனிக்காமல் குறுக்கே திருப்புவதுதான் பெரிய ஆபத்து என்று அது காட்டியது. அதனால் உலகம் முழுக்க கவலை பைக்கின் முகத்தைப் பற்றியே இருந்தது. பகலிலும் ஹெட்லைட் எரியட்டும் என்றார்கள். நம் நாட்டிலும் 2017 ஏப்ரல் முதல் வரும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடினால் ஹெட்லைட் தானாக எரிகிறது. அணைக்க ஸ்விட்ச் கிடையாது. "சார், லைட் எரியுது" என்று தெருவில் போகிறவர்கள் கையைக் குவித்து விரித்துக் காட்டுவார்களே, அது இதனால்தான்.

நம் சாலையின் கணக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கணக்கல்ல. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி அந்த ஆண்டு இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வண்டியில் வந்தவர்கள். மொத்த விபத்துகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று, பின்னாலிருந்து வந்து இடித்தது. நம் பைக்குக்கு முகம் மட்டும் இருந்தால் போதாது, முதுகும் தெரிய வேண்டும்.

இதில் தானாக எரியும் ஹெட்லைட் தெரியாமல் ஒரு வேலை செய்துவிட்டது. பெரும்பாலான வண்டிகளில் ஹெட்லைட்டோடு டெயில் லைட்டும் சேர்ந்து எரியும். முன்பு பகலில் பைக்கின் பின்விளக்கு எரிந்தால் பிரேக் என்று அர்த்தம். இப்போது பகலிலும் அது எப்போதும் மங்கலாக எரிகிறது. பிரேக் பிடித்தால் கொஞ்சம் கூடுகிறது. காரின் ஓரத்து விளக்கில் இருந்த அதே குழப்பம், அதுவும் ஒற்றை விளக்கில்.

இன்னொன்றும் உண்டு. பிரேக் விளக்கை எரிய வைப்பது பிரேக்கில் இருக்கும் சின்ன ஸ்விட்ச். பழைய புல்லட், பழைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் அது கால் பிரேக்கில் மட்டும்தான் இருந்தது. கை பிரேக்கை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் பின்னால் ஒன்றும் தெரியாது. நம் வளாகத்தில் இன்னும் இரண்டு மூன்று பழைய வண்டிகள் நிற்கின்றன, அவற்றின் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புது வண்டிகளில் இரண்டிலும் ஸ்விட்ச் உண்டு. ஆனால் ஆக்சிலரேட்டரை விட்டு, கியரை இறக்கி வேகம் குறைக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் விளக்கு எரியாது. அதனால் நான் இப்போது கியரை இறக்கும்போதே பிரேக்கை லேசாகத் தொட்டுவிடுகிறேன். இதற்குச் செலவே இல்லை.

சரி, பைக்குக்குக் கூடுதல் பிரேக் விளக்கு வைக்கலாமா? நான் வைத்தேன். இந்த வரலாறு தெரிந்ததால் எதை வைப்பது என்று முடிவு செய்வது சுலபமாக இருந்தது. கடையில் காட்டியவற்றில் பாதி, எப்போதும் எரிந்து, ஓடி, நிறம் மாறி, போலீஸ் ஜீப் மாதிரி மின்னுகிறவை. அவை சான் பிரான்சிஸ்கோ விளக்கின் நேர் எதிரி. எப்போதும் எரிகிற விளக்கால் எதையும் சொல்ல முடியாது. பிரேக் பிடித்தால் மட்டும் எரிகிற, ஆடாமல் நின்று எரிகிற, சிவப்பு எல்இடி பட்டை ஒன்றை வாங்கினேன். வோவோட்ஸ்கியின் முதல் விளக்கே மஞ்சள் நிறத்தில் துடிக்கிற விளக்குதான். சட்டமான போது அது நின்று எரியும் சிவப்பாகிவிட்டது என்பது ஒரு வேடிக்கை. நம் மத்திய மோட்டார் வாகன விதிகளிலும் பின்பக்கம் காட்டும் விளக்கு, சில விலக்குகள் தவிர, சிவப்பாகத்தான் இருக்க வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் கட்டுப்பாடும் உண்டு. ஆகவே கம்பெனியே தரும் உதிரிப்பாகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். வேறு என்றால் ஷோரூமிலும் ஆர்டிஓ அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பழைய விளக்கைக் கழற்றிவிட்டு இதை வைக்காதீர்கள். அதுவும் எரிய வேண்டும், இதுவும் எரிய வேண்டும். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும்.

எல்இடிக்கு இன்னொரு லாபம் உண்டு. பல்பின் இழை சூடேறிப் பிரகாசமாக எரிய ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். எல்இடி உடனே எரியும். பின்னால் வருகிறவர் 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்த நேரத்துக்குள் 3 மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்ந்திருப்பார். ஒரு பைக்கின் நீளத்தைவிட அதிகம். வேகத்தடைக்கு முன் எனக்கும் அந்த ஆட்டோவுக்கும் நடுவில் இன்னும் 3 மீட்டர் இருந்திருந்தால் போதும்.

வயரிங் வேலையை நீங்களே செய்யாமல் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. பின்விளக்குக்கு டெயில் லைட் வயர், பிரேக் வயர், எர்த் என்று மூன்று வயர்கள் போகும்; நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூடுதல் விளக்கைப் பிரேக் வயரில் சேர்க்க வேண்டும். தவறி டெயில் லைட் வயரில் சேர்த்தால் வெறும் அலங்கார விளக்கு ஆகிவிடும். வயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது, கனெக்டர் போடச் சொல்லுங்கள். எனக்கு லேபரோடு சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

உயரத்தை யோசித்து வையுங்கள். பின்னால் உட்காருகிறவரின் புடவையோ, மழைக்கோட்டோ, கட்டி எடுத்துவரும் அரிசிப் பையோ மறைக்கிற இடத்தில் வைத்துப் பயனில்லை. நம் கேட்டுக்கு வரும் டெலிவரி தம்பிகளின் பெரிய பெட்டிகள் சில வண்டிகளில் விளக்கின் மேல் விளிம்பை மூடிக்கொண்டு இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தால் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

புதிதாக ஒன்றும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, இருக்கிற விளக்கு எரிகிறதா என்று மட்டுமாவது பாருங்கள். இருட்டிய பின் வண்டியின் பின்பக்கம் பார்க்கிங் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, சாவி போட்டு, முன் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். சுவரில் சிவப்பு கூட வேண்டும். விட்டுவிட்டு, பின் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். மறுபடி கூட வேண்டும். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் ஸ்விட்ச் போயிருக்கிறது. இரண்டிலும் எரியாவிட்டால் பெரும்பாலும் பல்புதான்.

வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை 7 மணியிலிருந்து 8 வரை, கீழ்த்தளத்தில் தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்துச் சுவரருகே நான் நிற்பேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வாருங்கள், நீங்கள் பிரேக் பிடியுங்கள், நான் பின்னால் நின்று பார்த்துச் சொல்கிறேன். ஒரு வண்டிக்கு இரண்டு நிமிடம் ஆகாது. 21/5 வாட் பல்பு ஒரு டஜன் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த 700 ரூபாயில் வாங்கியவை. காசு தர வேண்டாம். எல்இடி பின்விளக்கு உள்ள வண்டிகளுக்கு அந்தப் பல்பு பொருந்தாது, ஆனால் அவற்றையும் கொண்டுவந்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.